நடுவில் வைக்காத வார்

கனிசியஸின் இடது காலுக்கு மேஸ் ஏறவில்லை. எட்வேர்ட் குதிக்காலைத் தன் மடியில் வைத்து, அந்தக் காலுறையை இழுத்துப் பார்த்தார். கால்விரல்கள் விறைத்துப்போயிருந்தன. நாற்பது வருடம் ஊரார் கால்களைப் பிடித்துச் சப்பாத்துக்கு அளவெடுத்த மனுசன், இந்தக் காலோடு மல்லுக்கட்டினார்.

"விடுங்கோ அண்ணை, நான் போடுறன்," என்றாள் செபஸ்தியம்மா. அவருடைய தங்கச்சி. செத்தவனின் பெண்சாதி.

"நீ அங்காலை போய் இரு."

அவள் போகவில்லை. புருசனின் வேட்டியை இழுத்து, வலது தொடையில் சுற்றியிருந்த துணி தெரியாமல் மூடினாள்.

நீர்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை அது. குருநகரில் செல் குண்டு விழுந்து ஓடிவந்த முப்பது குடும்பம் ஒரு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சமைத்தது, படுத்தது, சண்டை பிடித்தது. பிள்ளைகள் இருந்து படிக்கிற மூன்று வாங்கைச் சேர்த்துப் பிரேதத்தைக் கிடத்தியிருந்தார்கள். யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தின் கீழ் ஆம்பிளைகள் கதைத்தது உள்ளே நன்றாகக் கேட்டது.

"சுறாவுக்குத் தப்பினவன், ஒரு சைக்கிளுக்குத் தப்பேல்லைப் பார்."

"போற வழியிலை தவறணை இருக்கெல்லோ. ரெண்டு பிளாக் கள்ளு இறக்கியிருப்பான்."

"வேறை என்ன? கத்தி உறையின்ரை பொத்தானைப் பூட்டாமல் சைக்கிளிலை ஏறியிருக்கிறான். விழேக்கை கத்தி நழுவித் தொடையிலை இறங்கியிட்டுது."

செபஸ்தியம்மாவின் முகம் சுண்டியது.

"அண்ணை, ஒருக்காப் போய்ச் சொல்லுங்கோ. அஞ்சு வருசமா அவர் கள்ளைத் தொடேல்லை. மாதாவாணை. நீங்கள் சொன்னால் கேப்பினம்."

"சனத்தின்ரை வாயைத் தைக்க என்னட்டை ஊசியில்லை."

கடலுக்குப் போகத் தடை. கடல் இல்லாத மீன்பிடிகாரன் என்ன செய்வான்? அகதி முகாமின் பொதுக் குசினிக்கு விறகு வெட்டப் போனார்கள், சைக்கிளில், தென்மராட்சிப் பற்றைகள் வரைக்கும். முகாம் கமிட்டி ஒரு கொல்லனைப் பிடித்து, லொறியின் வில்லுத் தகட்டில் பன்னிரண்டு கத்தி அடிப்பித்தது. முழ நீளம். கோடாலிப் பாரம். உறை எட்வேர்டின் பொறுப்பு. கமிட்டிக்காரர் மாட்டுத்தோலைக் கொண்டுவந்து போட்டபோது அவர் அதை மணந்து பார்த்தார், மடித்துப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். பேனை வைத்திருக்கிறவன் கொண்டுவருகிற எதையும் அவர் நம்புகிறவரில்லை. தோலில் குறை இருக்கவில்லை.

குறை கையில் இருந்தது. பாரக் கத்தியின் உறைக்கு இரண்டு தோல் போதாது. கூர் இருக்கிற பக்கம், கூருக்கும் தையலுக்கும் நடுவில், விரலகலத் தோல் வார் ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி ஏறி இறங்க, ஏறி இறங்க, கூர் நூலைத் தின்னும். செருப்புத் தைக்கப் பழகுகிற பொடியனுக்கும் தெரிந்த சங்கதி இது. முதல் உறையில் எட்வேர்டின் குத்தூசி இரண்டு தோலைத் துளைத்து மூன்றாவதில் நின்றுவிட்டது. எழும்பி நின்று உடம்பைச் சாய்த்து அமத்தினார். மணிக்கட்டுக்குள் ஏதோ சுண்டியது. ஊசி அசையவில்லை. போய்க் கதவைச் சாத்தினார். அந்த வாரை உருவி எறிந்தார். பன்னிரண்டையும் இரண்டு தோலிலேயே முடித்தார். பார்க்க நல்ல வடிவாகத்தான் இருந்தன.

கனிசியஸ் மட்டும் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், நடுவிலை ஒண்டும் வைக்கேல்லையோ? கூர் நூலிலை முட்டுமெல்லோ. ஊசி குத்தக் கை உதவி வேணுமெண்டால் நான் குத்தித் தாறன்."

ஆட்களுக்கு முன்னால் கேட்டுவிட்டான். எட்வேர்டுக்கு முகம் எரிந்தது.

"நீ போய் மீனுக்குச் செதிள் உரி. தோலைப் பற்றி எனக்குப் படிப்பியாதை."

எல்லாரும் சிரித்தார்கள். கனிசியஸும் சிரித்தான். கையில் இருந்ததையே இடுப்பில் கட்டிக்கொண்டு போனான். அது நாலு மாதத்துக்கு முன்.

ஒரு மாதிரி மேஸ் ஏறிவிட்டது. சப்பாத்தை எடுக்கக் குனிந்தபோது துரைராஜா சுருட்டின சாக்கு ஒன்றோடு உள்ளே வந்தான். நேற்று விறகுக்குப் போகும்போது முன் சைக்கிளில் போனவன் அவன்தான். சத்தம் கேட்டுத் திரும்பினபோது கனிசியஸ் ரோட்டோரம் விழுந்து கிடந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

"அண்ணை, நீங்கள் தைச்ச உறையும் கத்தியும். இடுப்பு வாரை அறுத்து அப்பிடியே சாக்கிலை சுத்தினது. நான் விரிச்சுப் பாக்கேல்லை. மனம் வரேல்லை."

எட்வேர்ட் அதைப் பக்கத்து வகுப்பறைக்குக் கொண்டுபோனார். சுவரைப் பார்த்துக் குந்தியிருந்து விரித்தார்.

கத்தி உறைக்குள்ளேயே இருந்தது. பிடியைச் சுற்றின வாரில் பொத்தான் இறுக்கிப் பூட்டியபடி இருந்தது. தையல் நாலு விரல் நீளத்துக்கு வாய் பிளந்து, அதற்குள்ளால் கூர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நூல் பிய்ந்த நூல் அல்ல. ஒவ்வொரு தையலும் சவரக் கத்தியால் வெட்டினது மாதிரி இருந்தது.

கனிசியஸ் ஒரு பிழையும் விடவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்வேர்டின் பெருவிரல் பொத்தானுக்கு அடியில் போனது. டக்கென்று திறந்தது. கத்தியை உருவிச் சாக்கில் போட்டார்.

கமிட்டிச் செயலாளர் பஞ்சலிங்கம் மாஸ்ரர் கொப்பியோடு வந்து நின்றார்.

"எட்வேர்ட் அண்ணை, குறை நினையாதையுங்கோ. ஒரு அறிக்கை எழுதவேணும். பொத்தான் பூட்டியிருந்ததோ?"

"திறந்துதான் கிடந்தது."

"தையலும் அறுந்திருக்கே?"

"வெளியிலை வந்த கத்தி வெட்டாமல் விடுமோ, மாஸ்ரர்?"

மாஸ்ரர் எழுதினார். வேறு நாளென்றால், வாசிக்கத் தெரியாவிட்டாலும், எட்வேர்ட் எட்டிப் பார்த்திருப்பார். இன்றைக்குப் பார்க்கவில்லை. இதே மாதிரித் தைத்த மற்றப் பதினொரு உறையும் பதினொரு பேரின் இடுப்பில் இருந்தன. அதை மாஸ்ரர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கதவடியில் செபஸ்தியம்மா நின்றாள். எப்போது வந்தாளோ.

"அப்ப அவர்தான் மறந்துபோனார் போலை," என்றாள். சாக்கைப் பார்த்து, "ஒண்டையும் மறவாத மனுசன்," என்றாள்.

எட்வேர்ட் சாக்கைச் சுருட்டினார். சுருட்டினதை மறுபடியும் அவிழ்த்துச் சுருட்டினார்.

பின்னேரம் அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போனார்கள். பற்றை மண்டிக் கிடந்த மூலையை விறகுக்காரர் காலையிலிருந்து வெட்டி வெளியாக்கியிருந்தார்கள். வெட்டின கையோடு வந்தவர்கள் கத்தியை இடுப்பிலிருந்து கழற்றாமலே நின்றார்கள். சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பெட்டிக்குக் கயிறு போட்டார்கள். தலைமாட்டுக் கயிறு துரைராஜாவின் கையில். கயிற்றை மெல்ல மெல்ல விட்டு அவன் குந்தத் தொடங்கினான். இடுப்பு உறை தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் மாட்டி வளைந்தது.

"குந்தாதை!"

சுவாமியார் திரும்பிப் பார்த்தார். கத்தினது தான்தான் என்று எட்வேர்டுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"என்னண்ணை?"

"நிமிந்து நில்லடா. இடுப்பிலை உள்ளதைக் கழட்டு."

"பெட்டி கையிலை கிடக்கு, அண்ணை. இறக்கிப்போட்டு..."

"கயித்தை உவனிட்டைக் குடு. கழட்டு. எல்லாரும் கழட்டுங்கோ."

"மனுசனுக்குக் கலங்கியிட்டுது," என்று ஆரோ பின்னால் சொன்னார்கள். "தண்ணி குடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"கலங்கேல்லை." எட்வேர்ட் குழியைப் பார்த்துத்தான் கதைத்தார். "உந்த உறையளுக்கு நடுவிலை வார் வைக்கேல்லை. வைச்சுக் குத்த என்ரை கைக்கு ஏலாது. அதைச் சொல்ல எனக்கு வெக்கம். கூர் நூலை அறுத்துப்போட்டுது. அவன் பொத்தானைப் பூட்டித்தான் வைச்சிருந்தவன். நான்தான் இண்டைக்குத் திறந்துவிட்டனான்."

கயிற்றில் பெட்டி ஒரு பக்கம் சரிந்து ஆடியது. துரைராஜா பக்கத்தில் நின்றவனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு, நின்ற நிலையிலேயே இடுப்பு வாரை அவிழ்த்தான். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். மாஸ்ரர் கொப்பியைத் திறந்தார், பிறகு மூடினார். பெட்டி போய் அடியில் தட்டின சத்தம் கேட்டது.

மண் போடத் தொடங்கினார்கள். செபஸ்தியம்மா முதல் பிடி போட்டாள். போட்டுவிட்டு விலகவில்லை. குழிக்கரையிலேயே நின்றாள். எட்வேர்ட் குனிந்து ஒரு பிடி செம்மண் அள்ளிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வழியும் விடவில்லை.

"பிள்ளை," என்றார்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

பின்னால் நின்றவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போய் மண் போட்டார்கள். எட்வேர்டின் கையில் இருந்த மண் இறுகி, அவருடைய ஐந்து விரலின் அச்சும் பதிந்து, கட்டியாகிவிட்டிருந்தது.