டிச் பட்டன்

பிடரியில் முக்காட்டின் டிச் பட்டன் விட்டுக்கொண்ட சத்தம் அஃபீபாவுக்குக் கேட்டது. மைதானத்தைச் சுற்றி அத்தனை கூச்சல் இருந்தும் கேட்டது. பந்து காலுக்குச் சற்று முன்னால் உருண்டுகொண்டிருந்தது. நாமக்கல் அணி அடித்த கார்னர் தடுக்கப்பட்டுத் திரும்பிவந்த பந்து அது. கார்னருக்காக அவர்கள் எல்லோரும் சேலத்தின் பாதிக்குள் ஏறி வந்திருந்தார்கள். நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் எதிரே ஒருத்தி, அவளுக்குப் பின்னால் கோல்கீப்பர். அவ்வளவுதான். ஆட்டம் முடியும் நேரம். அவளுடைய சேலம் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. தன்னை ஒட்டிப் பின்னால் ஓடிவருவது நாமக்கல் அணியின் நிலா என்று மூச்சு வாங்குவதிலிருந்தே அஃபீபாவுக்குத் தெரிந்தது. சட்டையை இழுப்பாள், இல்லையென்றால் காலைத் தட்டுவாள். இரண்டுக்கும் உடம்பை இறுக்கி வைத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. ஒரு விரல் பிடரியைத் தொட்டது. பட்டன் திறந்தது. காதில் காற்றுப் பட்டது.

கைகள் இரண்டும் தலைக்குப் போயின. அவளைக் கேட்டுக்கொண்டு அவை போகவில்லை. பந்து தன்பாட்டுக்கு உருண்டு ஓரக்கோட்டைத் தாண்டியது. அவள் புல்லில் உட்கார்ந்து முக்காட்டை அள்ளித் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நின்றிருந்தார்கள். சிலர் கையில் போன் இருந்தது. நிலா கைகளை அகல விரித்து, வேலிப் பக்கத்தை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். அட்டையைக் காட்டுவதற்காக நடுவர் அவள் தோளைத் தொட்டுத் திருப்ப வேண்டியிருந்தது.

மஞ்சள்.

சேலம் அணியின் கேப்டன் பிரீத்தி நடுவரிடம் ஓடினாள். வேண்டுமென்றே செய்தது, சிவப்புதான் கொடுக்க வேண்டும் என்றாள். நடுவர் கோபப்படவில்லை.

"புடிச்சு நிறுத்துனா மஞ்சள்தாம்மா. சட்டையா இருந்தா என்ன, முக்காடா இருந்தா என்ன. முன்னாடி இன்னொரு ஆள் இருந்துச்சு. கோலும் தூரம். சிவப்புக்கு இதுல எடமில்ல."

ஃப்ரீ கிக் எங்கோ மேலே போனது. கொஞ்ச நேரத்தில் நீண்ட விசில். ஜெயிக்கிற அணிக்குச் சென்னையில் மாநிலப் போட்டி. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடம் வீட்டில் கிடந்து, மறுபடியும் நடக்கப் பழகி, ஓடப் பழகி, அந்தப் போட்டிக்காகத்தான் அஃபீபா திரும்பி வந்திருந்தாள்.

அந்த முக்காட்டைத் தைத்தவள் நிலா. கல்லூரியில் இருவரும் ஒரே அணி. முதல் வருடம் அஃபீபா ஊக்கு குத்திய முக்காட்டோடு ஆட இறங்கினாள். ஊக்கோடு ஆடக் கூடாது என்று நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். அந்த ஆட்டம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நிலா அந்த வாரம் ஜலகண்டாபுரத்துக்கு வீட்டுக்குப் போனவள், கறுப்பு பனியன் துணியில் தலைக்குக் கச்சிதமாக ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தாள். நிலாவின் வீட்டில் தறிகளுக்கு நடுவே ஒரு தையல் மிஷினும் உண்டு. பிடரியில் ஒரே ஒரு டிச் பட்டன். ஏன் ஒன்றுதான் என்று அஃபீபா கேட்டாள். யாராவது இழுத்தால் அது கழன்றுகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை இறுக்கிவிடும் என்றாள் நிலா. தானே போட்டுக்கொண்டு, அஃபீபாவை இழுக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒரு விரலுக்கு அது திறந்தது. இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒன்று தைத்துத் தந்தாள். படிப்பு முடிந்து, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஆபீஸ் வேலை கிடைத்து, அந்த ஊர் அணியில் சேர்ந்த பிறகும் தந்தாள். இன்றைக்கு ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால்கூட சேலம் அணி நின்ற இடத்துக்கு வந்து, பழக்கப்படி, அவள்தான் பட்டனைப் போட்டுவிட்டுப் போனாள்.

தண்ணீர்த் தொட்டியருகே நிலா தனியாக வந்தாள். கழுத்தில் பதக்கம் இல்லை. கழற்றிப் பைக்குள் வைத்திருக்க வேண்டும்.

"கோவமா புள்ள?"

அஃபீபா முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கார்னருக்கு முன்னாடியே எங்க கோச் சார் சொல்லிட்டாங்க. பந்து வெளிய வந்தா, எடுத்துட்டு ஓடுறவள அங்கயே நிறுத்தோணும்னு. பின்னாடி நின்ன எல்லார்த்துக்கும் ஏற்கெனவே அட்டை. எனக்கு மட்டும்தான் இல்ல."

"சட்டையப் பிடிச்சிருக்கலாமே."

"சட்டையப் புடிச்சா என்னையும் இழுத்துக்கிட்டு ஓடுவ. உன்னயத் தெரியாதா எனக்கு?"

"காலத் தட்டியிருக்கலாம்."

நிலா அவளைப் புரியாமல் பார்த்தாள்.

"அந்த வேகத்துல தட்டுனா உன் முட்டி என்னத்துக்கு ஆகும்? ஆஸ்பத்திரில நாந்தான உக்காந்திருந்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அது முகத்தில் தெரிந்தது. ஓடுகிற ஓட்டத்தில், அந்தக் கண நேரத்தில், எங்கே தொட்டால் அஃபீபா நிற்பாள், எங்கே தொட்டால் அவளுக்கு வலிக்காது என்று இரண்டையும் யோசித்திருக்கிறாள். இரண்டுக்கும் ஒரே இடம்தான் விடையாக வந்திருக்கிறது. அஃபீபா குழாயை மூடினாள்.

"முட்டி போயிருந்தா உங்கூடப் பேசியிருப்பேன்" என்றாள்.

நிலா அருகே வந்தாள். அஃபீபாவின் பிடரியில் முக்காடு மறுபடி பிரிந்து தொங்குவதைப் பார்த்து, பட்டனைப் போட்டுவிடக் கையை நீட்டினாள். அஃபீபா ஓரடி பின்னால் நகர்ந்தாள். கை அப்படியே நின்று, கீழே இறங்கியது.

சேலத்துக்கு வேன் கிளம்பியது. ஊர் எல்லையைத் தாண்டியதும் பிரீத்தி ஆரம்பித்தாள். இந்த மாதிரி ஃபவுலுக்கெல்லாம் சிவப்புதான் வேண்டும், சட்டத்தையே மாற்ற வேண்டும் என்றாள். பயிற்சியாளர் தனசேகர் முன்சீட்டிலிருந்து திரும்பினார். திருச்செங்கோட்டுக்காரர். ஒரு காலத்தில் சொந்தமாக லாரி ஓட்டியவர்.

"மஞ்ச அட்டைங்கிறது ஓவர்லோடு ஃபைன் மாதிரி சாமி. கட்டிப்போட்டுப் போயிட்டே இருப்பாங்க. லோடு போய்ச் சேந்துருமில்ல."

"அப்ப ஃபைன ஏத்தோணுங்க சார்."

"ஏத்துனா அதையும் வாடகையில சேத்துக்குவாங்க. வண்டியவே புடிச்சு நிறுத்தி வெச்சாத்தான் பயம் வரும்." அவர் பிரீத்தியைப் பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும். அரையிறுதியில ஆத்தூர்ப் புள்ளைய சட்டையப் புடிச்சு உக்கார வெச்சது ஆருங்க, கேப்டனம்மா?"

வேன் சிரித்தது. பிரீத்தியும் சிரித்துவிட்டாள். அன்று அந்தப் பெண் விழுந்ததும் ஓடிப்போய் பிரீத்தியின் முதுகில் முதலில் தட்டியது அஃபீபா. அந்தப் பெண்ணின் முகத்தை இப்போது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. அது சட்டைதானே என்பது வாய்வரை வந்தது. சட்டையா இருந்தா என்ன என்று நடுவர் சொன்னதும் கூடவே வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவப்பு கொடுத்திருந்தால் நிலா வெளியே போயிருப்பாள். அடுத்த ஆட்டமும் ஆட முடியாது. அது போதுமா என்று யோசித்தாள். அந்த இடத்திலேயே பெனால்டி கொடுத்திருந்தால் போதுமா. நாமக்கல் அணியையே சென்னைக்கு அனுப்பக் கூடாது என்றால். வழியில் மல்லூர் வரும்வரை தண்டனையைக் கூட்டிக்கொண்டே வந்தாள். கூட்டக் கூட்ட நிலாவின் விரல் பிடரியில் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை போனில் நிலாவின் செய்தி இருந்தது. பட்டன் ஆட்டம் கண்டிருக்கும், முக்காட்டைக் கொடுத்தனுப்பு, வேறு வைத்துத் தருகிறேன் என்று. அஃபீபா பதில் போடவில்லை. அம்மாவின் ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். பட்டனின் இரண்டு பக்கத்தையும் அறுத்து எடுத்தாள். கறுப்பு நூலை இரட்டையாகக் கோத்து, துணியின் இரு ஓரங்களையும் சேர்த்து வைத்து நெருக்கமாகத் தைக்கத் தொடங்கினாள். தையல் பழக்கமில்லாத கை. விரலில் இரண்டு தடவை குத்திக்கொண்டாள்.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா மதீனா பீவி நிமிர்ந்து பார்த்தாள். இறுதிப் போட்டியில் தோற்றது அவளுக்குத் தெரியும். எப்படித் தோற்றது என்று மகள் சொல்லவில்லை.

"இழுத்தா கழண்டுக்கணும்னுதானே அந்தப் புள்ள அப்படி வச்சிருந்துச்சு?"

அஃபீபா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முக்காட்டைத் தலைவழியாக மாட்டி இறக்கினாள். நெற்றியில் சரிசெய்தாள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய், பட்டன் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து, பலமாக இழுத்தாள்.

தையல் விடவில்லை. துணி தொண்டையில் இறுகியது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.