விடு என்றால் விடாத வீடு

என் இடது கைக்குள் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில், நிற்காமல் 'ஙொய்' என்று. சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன என்று தெரிந்ததும் டாக்டர்கள் அந்த இடத்தில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார்கள். அதில்தான் ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்கு அனுப்பிச் சுத்தம் செய்து திருப்பி விடுவார்கள். சத்தம் இருக்கிறவரை கை வேலை செய்கிறது, நான் உயிரோடு இருக்கிறேன். நின்றால் போச்சு. அதனால் அந்தக் கையில் வளையல் கூடாது, பாரம் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. யாரும் இறுக்கிப் பிடிக்கவே கூடாது.

பச்சைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்ட இடம்தான் சரியில்லை.

அண்ணன் டயர் கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேலேயே வீடு. கீழே கம்ப்ரசர் உறுமும், சம்மட்டி இறங்கும். மேலே நாங்கள் இறங்குவோம். எங்கள் குடும்பத்தில் வாய் திறப்பதற்குள் கை பேசி முடித்துவிடும். அண்ணன் தட்டை எறிவான், அண்ணி கரண்டியை எறிவாள். நானும் சளைத்தவள் இல்லை. என்னை மிளகா என்று சும்மாவா கூப்பிடுகிறார்கள்? அண்ணனின் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, டயர் கழற்றும் கம்பியால் நான் வீசியது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருக்கும்.

சண்டை முடிவதற்கும் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடித்தவர் அடிவாங்கியவரின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார வைப்பார். இழுபடுகிறவர் "விடு, விடு" என்று கத்த வேண்டும். கத்தக் கத்த, இழுக்கிறவர் விடவே கூடாது. விட்டுவிட்டால் அன்பில்லை என்று அர்த்தம். கோபத்தோடு இரண்டு வாய் உள்ளே போனதும் எல்லாம் சரியாகிவிடும். என் கையில் ஆபரேஷன் ஆன பிறகு அண்ணன் வலது கையைத்தான் பிடித்து இழுத்தான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

மெஷினிலிருந்து எழுந்து வருகிற அன்றைக்கு உடம்பு பிழிந்துபோட்ட துணி மாதிரி ஆகிவிடும். பிரஷர் இறங்கிக் கண்ணை இருட்டும். ஒன்றுமே வேண்டாம், ஒரு சத்தமில்லாத மூலையில் படுத்தால் போதும் என்றிருக்கும். அப்போதுதான் கீழே யாராவது லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்து சேருவான். ஒருநாள் அப்படிச் சுருண்டு படுத்திருந்தபோது அண்ணனுக்கும் அண்ணிக்கும் மூண்டது. எதற்கு என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருக்காது. அண்ணி எறிந்த பித்தளைச் சொம்பு அவனைத் தாண்டி வந்து, என் இடது கைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதி, காரையைப் பெயர்த்துக்கொண்டு என் தலையணையில் விழுந்தது. அண்ணி ஓடிவந்து என் கையில் காது வைத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே துணிமணியை மூட்டை கட்டினேன்.

மூன்று தெரு தள்ளி, தையல்காரம்மா வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டு மொட்டைச் சுவர். தையல்காரம்மா அதிகம் பேசமாட்டார். வாயில் எப்போதும் நூலோ ஊசியோ இருக்கும். முதல் சில நாட்கள் எனக்குப் பயமாகவே இருந்தது. யாரோ செத்துப்போன வீடு மாதிரி இது என்ன இப்படிக் கிடக்கிறது என்று தோன்றியது. பிறகு பழகிவிட்டது. மெஷினிலிருந்து வந்து படுத்தால் சாயங்காலம் வரை அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். உப்பில்லாமல் நானே சமைத்து, அளந்த தண்ணீரைக் குடித்து, ஒருத்தர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். எவ்வளவு சுகம் தெரியுமா? உடம்பு சரியில்லாதவளுக்கு வேறு என்ன ஆசை இருக்கப்போகிறது.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம், நோயாளித் தங்கச்சியைத் துரத்திவிட்டானே என்று காறித் துப்புவதாக அண்ணியிடம் புலம்பியிருக்கிறான். உண்மையில் எவனும் கேட்டிருக்கமாட்டான். இவனுக்கு நான் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்திருக்கும், அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மெஷினுக்குப் போய்வந்த ஒரு பகலில் கதவு தடதடத்தது. வீட்டுக்கு வா என்றான். வரமுடியாது என்று படுத்தபடியே சொன்னேன். திறக்கச் சொன்னான். தூங்க வேண்டும், போ என்றேன். ஓர் உதைதான். தாழ்ப்பாள் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு என் கட்டிலுக்கடியில் வந்து விழுந்தது.

உள்ளே வந்தவன் என்னைத் தொடவில்லை, சாமான்களைத் தொட்டான். நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தான், கால் முறிந்தது. நான் அளந்து வைத்திருந்த குடிதண்ணீரைப் பானையோடு உதைத்தான். இதுதான் உன் மாளிகையா, இதற்குத்தான் எங்களை விட்டுவிட்டு வந்தாயா என்று ஒவ்வொன்றையும் உடைக்கும்போதும் கேட்டான். எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் கோபம் வந்தால் எனக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ, எழுந்து அடுப்பிலிருந்த இரும்பு வாணலியை எடுத்து அவன் காதோடு சேர்த்து ஒன்று போட்டேன். ரத்தம் சட்டையில் வழிந்தது. அவன் திருப்பி அறைந்தான். என் பல் உதட்டைக் கிழித்தது. நான் மறுபடியும் அடித்தேன், தோளில். மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது அவன் அப்படியே உடைந்த நாற்காலியின் மேல் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. தையல்காரம்மா வாசலில் வாயில் நூலோடு நின்றார்.

அண்ணன் காதைத் துடைத்துக்கொண்டான். அவன் முகம் தணிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த முகம்தான் அது. எழுந்து வந்தான்.

"வா, சாப்பிடப் போலாம். அண்ணி எடுத்து வெச்சிட்டு உக்காந்திருக்கா."

என் வலது கையில் வாணலி இருந்தது. அவன் என் இடது கையைப் பிடித்தான்.

லாரி டயரைச் சக்கரத்திலிருந்து பிய்த்து எடுக்கிற கை அது. மணிக்கட்டுக்கு மேலே சரியாக அந்த இடத்தில் விரல்கள் இறுகின. விடு என்று கத்தினேன். இழுத்தான். விடுடா, அந்தக் கைடா என்று அலறினேன். வாணலியால் அவன் முதுகில் அடித்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிறுவயதிலிருந்து அவன் கேட்ட 'விடு' எல்லாம் விடக்கூடாத 'விடு'தானே. படியில் என்னைத் தரதரவென்று இறக்கினான். நான் இடறி விழப்போனபோது விழாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

தெருவுக்கு வந்ததும்தான் திரும்பி, தான் எந்தக் கையைப் பிடித்திருக்கிறோம் என்று பார்த்தான். நெருப்பைத் தொட்டவன்போல விட்டான். நான் கையைக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தையல்காரம்மா காது வைத்தார், இல்லை என்று தலையை அசைத்தார். அண்ணன் என் கையைத் தொடப் பயந்து, குனிந்து, காதை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்தான். அவன் காதில் வழிந்த ரத்தம் என் கையில் சொட்டியது.

"கேக்குது," என்றான். "லேசா கேக்குது, மிளகா."

கேட்கவில்லை. பொய் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் கையை மரத்துப்போக வைத்துவிட்டுக் கிழித்தார்கள். உள்ளே உறைந்திருந்த ரத்தத்தைக் கல்லீரல் துண்டு மாதிரி இழுத்து இழுத்துப் போட்டார்கள். வலிக்கவில்லை, ஆனால் இழுப்பது தெரிந்தது. சத்தம் ஒருமுறை வந்து, அங்கேயே நின்றுபோனது. மறுநாள் மெஷினுக்காகக் கழுத்தில் ஒரு குழாயைச் சொருகினார்கள். வலது கையில் புதிதாகத் தைக்க வேண்டும், அது தேறிவர மாசக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் கழுத்துக் குழாய்தான், அதில் சீழ் பிடித்தால் ஆபத்து என்றார் டாக்டர். எதனால் நின்றது என்று அண்ணன் கேட்டான். இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும், பிரஷர் இறங்கினாலும் நிற்கும், இரண்டும் சேர்ந்தாலும் நிற்கும் என்று டாக்டர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அந்தப் பிரஷரைப் பிடித்துக்கொண்டான். தனியாகக் கிடந்து சரியாகச் சாப்பிடாமல்தான் இப்படி ஆனது என்று நர்ஸிடம் சொல்ல ஆரம்பித்தான்.

நான் கூப்பிட்டேன். பக்கத்தில் வந்தான்.

"வலது கைலயும் தைக்கப் போறாங்க. இனிமே நீ புடிச்சு இழுக்க எனக்குக் கை கெடையாது. புரியுதா? நான் விடுன்னு சொன்னேன். நீ விடல."

கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்த அவன் விரல்கள் வெளுத்தன. பிறகு வெளியே போய்விட்டான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தவரை அந்தப் பக்கமே வரவில்லை. அண்ணிதான் சாப்பாடு கொண்டுவந்தாள். அடித்துவிட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

கழுத்தில் குழாயோடு என் அறைக்கே திரும்பினேன். அண்ணி கெஞ்சினாள், நான் மசியவில்லை. மாடி ஏறினால் அண்ணன் அங்கே இருந்தான். காதில் பிளாஸ்திரி, கையில் துளை போடும் மெஷின், தரையெல்லாம் மரத்தூள். உடைந்த கதவு போய், கனமான புதுக் கதவு நின்றது. உள்பக்கம் என் மணிக்கட்டுப் பருமனில் இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று. நாற்காலிக்குப் புதுக்கால் வைத்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ள போய் ரெண்டையும் போடு," என்றான். "நான் வந்தாலும் தொறக்காத."

வெளியே போனான். வலது கையால் இரண்டையும் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உதைத்தான்.

முழு பலத்தோடு உதைத்தான். கதவு அதிர்ந்தது, அசையவில்லை. மறுபடியும் உதைத்தான். மறுபடியும். சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. தாழ்ப்பாள் தாங்குகிறதா என்று பார்க்க ஓர் உதை போதும், அவன் நிறுத்தவில்லை. தோளால் மோதினான், கையால் குத்தினான். கீழே தையல்காரம்மா யாரையோ கூப்பிடுவது கேட்டது. ஒவ்வொரு குத்துக்கும் என் கழுத்துக் குழாய் நடுங்கியது. அவன் அழுதுகொண்டிருந்தான். என் அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை, இப்போதும் பார்க்கவில்லை, கேட்டேன். குரல் உடைந்து ஏதோ சொன்னான், குத்துச் சத்தத்தில் வார்த்தை விளங்கவில்லை. கதவைத் திறந்து அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று என் உடம்பு முழுக்கத் துடித்தது. மேல் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

பிறகு குத்து நின்றது. அவன் கதவோடு சரிந்து உட்காருவது தெரிந்தது. நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பலகைதான்.

"தாங்குது," என்றான்.

"தாங்குது," என்றேன்.

அவன் எழுந்து படியிறங்கிப் போனான். நான் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை.