முன்சுவரில் எழும்பிய கொப்புளம்

கற்பூரம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்த பிறகே எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கையில் வந்த கொப்புளம் இன்னும் ஆறவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு கொப்புளத்தைப் பற்றி.

என் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கிள்ளானில், எங்கள் வீட்டிலேயே பரிசம் என்று முடிவானது. மாப்பிள்ளைக்கு ஊர் ரவாங். பையன் தங்கம். அவனுடைய அத்தை வீரம்மாதான் ஆபத்து. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே நின்று, விரல் முட்டியால் வெளிச்சுவரைத் தட்டிப் பார்ப்பார். சுவரைக் கவனிக்காதவன் பெண்ணை எப்படிக் கவனித்து வளர்த்திருப்பான் என்பது அவர் கட்சி. செமினியில் ஒரு சம்பந்தம் விரிசலால் போனது. தெலுக் பங்லிமா காராங்கில் இன்னொன்று, சிமெண்டுப் பூச்சு 'டொக் டொக்' என்றதால் போனது.

எங்கள் முன்சுவரோ மழையில் ஊறி, பாசார் சந்தையின் கீரைக்கடை மாதிரி பச்சையாக இருந்தது.

"ஏங்க, அந்தம்மா இதைப் பாத்தா தட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடும்" என்றாள் மனைவி கிருஷ்ணம்மாள். மகள் சுவரை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள்.

சுவருக்கு அடிக்க, கடையில் இருந்ததிலேயே நல்ல சாயமாக வாங்கி வந்தேன். ரப்பர் மாதிரி இழுபடும், கிழியாது என்று டின்னில் போட்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்புசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"அண்ணே, சுவரு ஈரமா இருக்கு. காய விட்டு அடிங்க லா."

"கிள்ளான்ல சுவரு காயணும்னா அடுத்த பிறவியிலதான் அடிக்கணும்."

"அப்ப உள்ள இருக்கற தண்ணி எங்க போகும்?"

"அது தண்ணியோட பிரச்சினை, தம்புசாமி."

பாசியின் மேலேயே அடித்து முடித்தேன். சுவர் புது மணப்பெண்போல மினுங்கியது. அன்றே மழை கொட்டியது. மறுநாள் ஜன்னலுக்குக் கீழே வடை அளவுக்கு ஒரு கொப்புளம். அது பூசணிக்காயாகி, கன்றுக்குட்டியாகி, பரிசத்துக்கு முதல் நாள் ஒரு மைவி கார் அளவுக்கு வந்து நின்றது. சாயம் கிழியவில்லை. டின்னில் எழுதியவன் யோக்கியன்.

"குத்தி விடுங்க" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"குத்தினா சாயம் கெட்டுப்போயிடும்" என்றேன்.

பரிசத்தன்று காலை வட்டாரம் முழுக்கக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. முன்பே அறிவித்திருந்தார்களாம். நாங்கள் சாயத்தின் கவலையில் இருந்தோம். அரிசி களையக்கூடத் தண்ணீர் இல்லை. தண்ணீர் லோரி எங்கள் சாலையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மாள் கொப்புளத்தைப் பார்த்தாள். நான் அதில் ஒரு பைப்பைச் செருகி, திருகினேன். கண்ணாடி மாதிரி தண்ணீர், ஐஸ்பெட்டியில் வைத்ததுபோல ஜில்லென்று வந்தது. சற்று நேரத்தில் சாலையே வாளியோடு வரிசையில் நின்றது. முதல் ஆள் தம்புசாமி.

"அண்ணே, நான் அன்னிக்கே சொன்னேன்ல, ஈரத்தோட அடிங்கன்னு."

அப்போதுதான் ரவாங் கார்கள் வந்து நின்றன. வீரம்மா இறங்கினார். யாரையும் பார்க்காமல் நேரே சுவரிடம் போய்த் தட்டினார். கை முழங்கை வரை உள்ளே போனது. சுவர் அவரை மெதுவாகத் தள்ளி, நின்ற இடத்திலேயே திரும்ப நிறுத்தியது. ஜன்னலுக்கு உள்ளே நின்ற விஷ்ணுப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். வீரம்மா இன்னொரு முறை தட்டினார். பிறகு திரும்பி, முதுகைச் சாய்த்தார். வெயிலில் வந்த உடம்பு, சுவரோ மெத்தை. தட்டுகளை இறக்குவதற்குள் குறட்டை வந்துவிட்டது. சோறு வெந்து, சாம்பார் இறங்கும் வரை யாரும் எழுப்பவில்லை.

தானாகவே எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"நானும் எத்தனையோ வீட்டுச் சுவரைத் தட்டியிருக்கேன். திருப்பித் தட்டிக்கொடுத்த சுவரு இதுதான். தட்டை மாத்துங்க."

மாற்றினோம். மகள் அன்று சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிளம்பும்போது வீரம்மா என்னைத் தனியே அழைத்து, ரவாங் வீட்டுக்கும் அதே சாயம் வேண்டும் என்றார். சுவரைக் காய விடக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை நானும் கிருஷ்ணம்மாளும் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் பதினேழாவது மாடியில். அங்கே வெளிச்சுவருக்குச் சாயம் அடிப்பது நிர்வாகத்தின் வேலை.