அவிய வந்திருக்காவ

சோதனைச் சாவடியில் பேருந்து நின்றதும் வனத்துறைக்காரர் ஒருவர் ஏறி, ஒவ்வொரு இருக்கையாகப் பையைத் திறக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். மேகமலைக்குப் பிளாஸ்டிக் எதுவும் போகக்கூடாது. ஜெயபாய் மடியிலிருந்த துணிப்பையின் வாயை விரித்துக் காட்டினாள். மேலே ஒரு சேலை, அதற்குக் கீழே இட்லிப்பொடி, அடியில் ஒரே அளவில் இரண்டு பால்கோவா டப்பாக்கள். டப்பாக்களைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் அவர் உருவிக்கொண்டார்.

“மேல யாரைப் பாக்கப் போறீங்கம்மா?”

“மகளை. எஸ்டேட் ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கா.”

“ரெண்டும் மகளுக்கா?”

அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் ஜெயபாய்க்குக் காதோரம் சூடேறியது. ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லமுடியாமல் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தாள். பேருந்து கிளம்பி முதல் வளைவில் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி அவளோடு ஏறி வந்துகொண்டிருந்தது.

ஒரு டப்பா ஜாஸ்மினுக்கு. இன்னொன்று ஜாஸ்மின் போனில் ‘அவிய’ என்று சொன்ன ஆளுக்கு.

முதல் தடவை அதைக் கேட்டது ஒரு மாதத்துக்கு முன்னால். “ம்மா, நேத்து ராத்திரி பூரா அவிய இங்கனதான் இருந்தாவ. கண்ணை மூட முடியல” என்று சொல்லிவிட்டு ஜாஸ்மின் கொட்டாவி விட்டாள். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர். வேறு யாரைப் பற்றியோ சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டோம் என்று ஜெயபாய் தேற்றிக்கொண்டாள். போன புதன்கிழமை மாலை அதற்கும் வழியில்லாமல் போயிற்று. “பொறவு பேசுதேன்மா. அவிய வந்திருக்காவ. வாசல்ல நிக்காவ.” குரலைத் தாழ்த்தி, மூச்சுக்காற்றில் பாதியைக் கலந்து சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவர்கள் ஊரான செட்டியார்பட்டியில் ஒரு பெண் பெயரைச் சொல்லாமல் அவிய என்று மட்டும் சொன்னால், அது யார் என்று யாரும் கேட்பதில்லை. ஜெயபாயும் கேட்கவில்லை.

தம்பி பிரேம்குமாரிடமும் சொல்லவில்லை. அவன் சாத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்திருந்தான். பேங்க் வேலை, ஒரே பையன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரியா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். “முப்பத்திரண்டு வயசுக்கா. எம்புட்டு நாளைக்குத்தான் பாப்போம் பாப்போம்னே சொல்லுவா?” என்றான். அவளிடம் நேரில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை விடியுமுன்னே ராஜபாளையத்தில் பஸ் ஏறியிருந்தாள். ஒன்பது வருஷமாக வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் அவள் கேட்டு எடுத்த மூன்றாவது லீவு அது.

கம்பெனி மாடியில் துணி மடித்து அடுக்கும் இடத்துக்கு எதிரே ஒரு சன்னல் உண்டு. அதில் எப்போதும் மலை நிற்கும். அந்த மலைச்சுவருக்குப் பின்னால்தான் எங்கோ மகள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள். பின்னால் என்றாலும் ஸ்ரீவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர் என்று சுற்றிக்கொண்டுதான் அங்கே போய்ச்சேர முடியும். மகள் இங்கே வேலைக்கு வந்த நான்கு வருஷத்தில் ஒருதரம்கூட ஜெயபாய் வந்ததில்லை.

வளைவுகள் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. ஜெயபாய் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கோபத்தோடுதான் கிளம்பினாள். ஆனால் உசிலம்பட்டி தாண்டியதும் அது எங்கே இறங்கிப்போனதென்று தெரியவில்லை. மகள் அந்தச் சொல்லைச் சொன்ன விதத்தையே மனம் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. ஜெயபாயும் இருபத்தாறு வருஷம் அதே வார்த்தையைச் சொன்னவள்தான். தெருமுனையில் கணவர் தேவசகாயத்தின் செருப்புச் சத்தம் கேட்டதும் “அவிய வந்துட்டாவ” என்பாள். பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் எழுந்துபோவார்கள். டிவி அணையும். ஜாஸ்மின் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. வீட்டுக்குள் வந்தால் வீட்டில் வேறு யாருக்கும் இடம் இருக்காது, அவ்வளவுதான். அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவளுக்கு இன்னமும் மாலை ஆறு மணிக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

மகளின் ஆள் வேறு மாதிரியாக இருப்பார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும்போது அவருக்கு ஒரு முகமே வந்துவிட்டது. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, எஸ்டேட் ஆபீஸில் வேலை. தான் குடித்த டம்ளரைத் தானே கழுவிவைக்கிற ஆள். சாத்தூர்க்காரர்களிடம் என்ன சொல்வது என்ற யோசனைகூட நடுவில் மறந்துபோயிற்று.

நிறுத்தத்தில் ஜாஸ்மின் ஸ்வெட்டரோடு நின்றாள்.

“என்னம்மா திடுதிப்புன்னு? காலைல போன் போட்டு பஸ்ல இருக்கேன்னு சொல்லுத?”

“வரக்கூடாதாட்டி?”

“வா, வா. வாந்தி எடுத்தியா?”

“எடுக்கல.” அது அவளுக்கே அப்போதுதான் ஆச்சரியமாகப் பட்டது.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்னால் ஒரு கொய்யா மரம், ஒரு நீலத் தொட்டி. அதற்கப்பால் தேயிலை, அதற்கப்பால் காடு. ஜெயபாய் கண்ணால் வீட்டைத் துழாவினாள். ஒரு ஜோடிச் செருப்பு. ஒரு பல் துலக்கும் பிரஷ். கதவுக்குப் பின்னால் பெரிய டார்ச்லைட் ஒன்று தொங்கியது. அது மட்டும்தான் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருவதாக இருந்தது.

பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி டீயோடு வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், நாற்பது வயதிருக்கும். ஜாஸ்மின் பையிலிருந்து டப்பாக்களை எடுத்ததும் அவள் முகம் மாறியது.

“யாத்தே, பால்கோவாவா! இதை வீட்ல வச்சுராதீய. அவியளுக்கு வாசம் எட்டுச்சுன்னா தொலைஞ்சோம். போன மாசம் ரேஷன் கடைக் கதவைத் தள்ளி அரிசி மூட்டையை இழுத்துட்டுப் போனாவ.”

ஜெயபாய் நிமிர்ந்து பார்த்தாள். “கதவைத் தள்ளிக்கிட்டா?”

“பொறவு? தட்டிக்கிட்டா வருவாவ?”

“குடிப்பாவளோ?” என்று கேட்டாள் ஜெயபாய்.

“குடிக்கவா? இந்தத் தொட்டில பாதி ஒரு மூச்சுக்குக் காணாதே!”

ஜெயபாய் டம்ளரைக் கீழே வைத்தாள். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் கதவை உடைத்துக்கொண்டு அரிசி மூட்டையோடு ஓடினார். “ஏட்டி, இப்படிப்பட்ட ஆளோடயா நீ… உம் மாமன் சாத்தூர்ல அம்புட்டு நல்ல இடம் பாத்து வச்சிருக்கான்.”

“எந்த ஆளும்மா? யாரைச் சொல்லுத?”

“நீதான சொன்ன. அவிய வாசல்ல நிக்காவன்னு.”

ஜாஸ்மின் சுவரில் சாய்ந்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பில் சொல் வரவில்லை. “யானைம்மா… யானை!”

“நாங்க பேர் சொல்லமாட்டோம்லா” என்றாள் முத்துப்பேச்சி, வாயைப் பொத்திக்கொண்டு. “கட்டுன புருசன் பேரே வாயில வராது. அவியள் பேரைச் சொல்லிருவோமா?”

ஜெயபாயும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. அடுத்த நிமிஷம் ரேஷன் கடைக்கும் காட்டுக்கும் நடுவில் எங்கோ அந்தக் கண்ணாடிக்காரர் காணாமல் போனார். இல்லாத ஒருவருக்காகத் துக்கப்படுவது எப்படி என்று தெரியாமல் அவள் இரண்டாவது டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்மின் அதைக் கவனித்தாள்.

“அது அவருக்கா?”

“உனக்குத்தாம்ட்டி” என்றாள் ஜெயபாய்.

டப்பாக்கள் இரண்டும் மூடி போட்ட இரும்பு டிரம்முக்குள் அரிசியோடு போயின.

மதியம் ஜாஸ்மின் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதிகாரம் இல்லாத குரலில் மகள் நோயாளிகளோடு பேசுவதை ஜெயபாய் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். அட்டை கடித்த கதையையெல்லாம் அவர்கள் அவளிடம் சொன்னார்கள். கட்டுப் போடும் மேசைமேல் துணிச்சுருள் ஒன்று இருந்தது. ஜெயபாய் எடுத்து ஓரத்தை விரலால் தடவினாள். நம் ஊர்ச் சரக்குத்தான். மடிப்பைப் பார்த்தாலே தெரியும். தான் மடித்ததாகவே இருக்கலாம்.

திரும்பும் வழியில் சாத்தூர் விஷயத்தைச் சொன்னாள். ஜாஸ்மின் தேயிலைச் செடியில் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டே நடந்தாள்.

“இங்க வந்த புதுசுல, அவிய வந்துட்டாவன்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கை சில்லிட்டுப் போயிரும்மா. எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிருவேன். ஒருநா முத்துப்பேச்சி அக்கா வந்து, ஏட்டி அங்க என்ன பண்ணுத, சன்னல்கிட்ட வந்து பாருன்னாவ.”

“இப்ப?”

“இப்ப நானே போயிருதேன், சன்னலுக்கு.”

மகள் தன்னிடம் எதையோ கேட்டுவிட்டதைப் போல, ஜெயபாய் வீடு வரை அந்தச் சன்னலையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

வெயில் மஞ்சளாகி, மேகம் தேயிலைமேல் இறங்கத் தொடங்கியிருந்தபோது பக்கத்துச் சுவரில் இருமுறை தட்டும் சத்தம் கேட்டது. முத்துப்பேச்சி தரும் சைகை. ஜாஸ்மின் அடுப்பை அணைத்தாள். “வந்துட்டாவ” என்றாள் காற்றுக் குரலில்.

ஜெயபாய் தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். தலைப்பை இழுத்துச் செருகினாள். முதுகு நிமிர்ந்தது. மூச்சு உள்ளேயே நின்றது.

“ம்மா,” என்றாள் ஜாஸ்மின், சன்னலோரமாக நகர்ந்து இடம் விட்டு. “இங்க வா.”

சன்னலின் ஒரு கதவு விரற்கடை திறந்திருந்தது. கொய்யா மரத்தடியில் மூன்று பெரிய யானைகள், நடுவில் ஒரு குட்டி. அவ்வளவு பெரிய உடம்புகள் ஒரு சருகுச் சத்தமும் இல்லாமல் எப்படி வந்தன என்று தெரியவில்லை. ஒன்று கிளையை வளைத்தது. சுவருக்கு அந்தப்பக்கம் முத்துப்பேச்சியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. வரிசை வீடுகள் அத்தனையும் அப்படி ஒன்றாக நின்றுகொண்டிருந்தன.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. பிரேம்குமார். சன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல்.

“யக்கா, மணி அஞ்சரை ஆச்சு. சாத்தூர்க்காரவிய கேக்காவ. என்ன சொல்லட்டும்?”

ஜெயபாய் மகளைப் பார்த்தாள். ஜாஸ்மின் இவள் பக்கம் திரும்பவே இல்லை. நெற்றியைச் சன்னல் சட்டத்தில் வைத்து, வாய் லேசாகத் திறந்து, குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அந்த முகத்தை வீட்டில் பார்த்த நினைவு ஜெயபாய்க்கு இல்லை.

“வரவேண்டாம்னு சொல்லிரு, தம்பி” என்றாள் மெதுவாக.

“என்னக்கா, நல்லாக் கேக்கல. ஏன் இப்படிக் குசுகுசுன்னு பேசுத?”

“அவிய வந்திருக்காவ. வாசல்ல நிக்காவ. பொறவு பேசுதேன்.”

“எவிய? யக்கா… எவிய வந்திருக்காவ?”

அவள் போனை அணைத்துத் தலைப்பில் முடிந்துகொண்டாள். வெளியே குட்டி நீலத் தொட்டிக்குள் துதிக்கையை விட்டு, தண்ணீர் மூக்கில் ஏறியதோ என்னவோ, தலையைச் சிலுப்பிக்கொண்டது. தெறித்த துளிகள் சன்னல்வரை வந்தன. ஜெயபாய் கொக்கியில் கை வைத்து, கதவை இன்னும் ஒரு விரற்கடை திறந்தாள்.