வேகாத பருப்பு

இரண்டு மணி நேரமாகக் கொதித்தும் பருப்பு இணங்கவில்லை. கோமதியம்மாள் அகப்பையில் எடுத்து நசுக்கினாள், கல்லாகவே இருந்தது. மகன் அருண்பாண்டியனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்கப் புதூர்க்காரர்கள் உச்சிப்பொழுதுக்கு வருகிறார்கள். நிலத்தைப் பார்ப்பார்கள், மாட்டைப் பார்ப்பார்கள். கடைசியில் செம்பைத் தூக்கித் தண்ணீரைப் பார்ப்பார்கள். உப்புத்தண்ணீர் வீட்டில் பெண்ணைத் தள்ள எவனுக்கு மனம் வரும்?

பசுவந்தனைக் கரிசலில் பிறந்தவள் அவள். அங்கே ஒரே வேதம்: தண்ணீர் இறங்கினால் நீயும் இறங்கு. விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கடற்காற்று எட்டும் இந்த ஊருக்கு அந்த வேதத்தைச் சீதனமாகக் கொண்டுவந்தாள். மிளகாய்க்காக ஆழ்துளைக் குழாய் இறக்கியவள் அவளே; வற்றியபோது மேலும் நூறடி இறக்கச் சொன்னவளும் அவளே. கடலை நோக்கி இறங்குகிறாய் என்று ஒருத்தி மட்டும் சொன்னாள், கீழத்தெரு இசக்கிச்செல்வி. கீழத்தெருவின் சொல் மேலத்தெருவின் காதில் என்றைக்கு ஏறியது?

தூரத்தில் அவள் தோட்டத்து மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அடுப்பனலில் கோமதியம்மாளுக்குக் கண் சொருகியது. மண்ணுக்கடியில் கடல் நடந்து வரக் கண்டாள். அலையில்லை, இரைச்சலில்லை. மிளகாய் வேர்களுக்கு நடுவே சங்குகள் மெல்ல உருண்டன. மீன்கள் கரிசலின் இருட்டை மேய்ந்தன. எந்தத் தெரு என்று அது கேட்கவில்லை. அழைத்த வீட்டுக்கு வரும் விருந்தாளியைப் போல, அவள் இறக்கிய குழாயில் ஏறி வந்தது.

விழித்தாள். குடத்தை எடுத்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த முப்பது ஆண்டில் மிதித்திராத கீழத்தெருவுக்குள் நடந்தாள்.

அங்கே மணலில் மூன்று முழம் தோண்டிய ஊற்று. பெண்கள் முறை வைத்துச் சிரட்டையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தாடி, நூறடி போரு போட்டவிய மூணு முழக் குழிக்கு வந்திருக்காவ" என்றாள் ஒருத்தி. இசக்கிச்செல்வி சிரிக்கவில்லை.

"ஒரு குடம் தா, செல்வி. பருப்பு வேகல."

"தையிலருந்து இந்த ஊத்தும் லேசாக் கரிக்கி. நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல பாலேடு மாதிரி படுத்துக் கெடக்கும்மா. அள்ளுனா ஏட்டைத் தருது. ஒங்க மோட்டாரு உறிஞ்சுனா, அடியில கெடக்க கடலு எந்திரிச்சு வருது. இன்னைக்கு ஒரு குடம் தாரேன். நாளைக்கு யாருகிட்டப் போவீய?"

கோமதியம்மாள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். மிளகாய் பூத்து நின்றது. பூவைப் பார்த்தபடியே மோட்டாரை நிறுத்தி, பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். பருத்தி வெடித்தாற்போல் அமைதி விரிந்தது.

திரும்பி வந்து அந்தக் கட்டையை இசக்கிச்செல்வியின் கையில் வைத்தாள். "இது ஒங்கிட்ட இருக்கட்டும். மோட்டாரு எப்ப ஓடணும், எம்புட்டு ஓடணும்னு நீங்கள்லாம் கூடிச் சொல்லுங்க."

இசக்கிச்செல்வி அதைச் சேலை முந்தியில் முடிந்தாள். "சரிம்மா. வரிசையில உக்காருங்க."

உட்கார்ந்தாள். மணலின் கண்களிலிருந்து நீர் துளித்துளியாய்க் கசிந்து கூடியது. அவள் முறை வந்து, அரைக்குடம் நிறைந்தபோது, அருண்பாண்டியன் விருந்தினரோடு அவளைத் தேடி வந்து நின்றான்.

அவள் எழவில்லை, மறைக்கவுமில்லை. ஊற்றுநீரை அள்ளிச் சிரட்டையை நீட்டினாள். "எங்க வீட்டுத் தண்ணி உப்பு, பருப்புகூட வேகாது. கெடுத்தது நாந்தான். ஒங்க மக வந்தா, இந்தத் தெருவுல இந்த வரிசையில உக்காந்துதான் தண்ணி எடுக்கணும்."

பெண்ணின் தகப்பனார் தெருவைப் பார்த்தார், குடிசைகளைப் பார்த்தார், கையை நீட்டாமலே நின்றார். அவர் மனைவி அவரைத் தாண்டி வந்து, மணலில் மண்டியிட்டுச் சிரட்டையை வாங்கிக் குடித்தாள். கண்ணை மூடி, நாவிலேயே அதைச் சற்று நேரம் வைத்திருந்தாள்.

"பருப்பு வேகும்" என்றாள்.