ரோஜாவின் கைநாட்டு

மிஷின் வந்து நாற்பது பொம்பளைகளை வீட்டுக்கு அனுப்பினதில் முத்துப்பேச்சிக்குப் புதுசாகப் போனது வேலை மட்டும்தான். பேரு போய்ப் பதினொரு வருசமாகிறது.

அந்த வயித்தெரிச்சலைக் கேளுங்க. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அவள் வேலை கேட்டுப் போன வாரம்தான், மருந்து செலுத்துகிற ரூமில் தீப்பிடித்து ரோஜா என்கிற வெம்பக்கோட்டைப் பொம்பளை வெந்து செத்திருந்தாள். ஊருக்கு வீட்டில் ஸ்டவ் வெடித்தது என்று சொல்லி, கம்பெனித் தீயில் ஒருத்தரும் சாகவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள், மகராசன்கள். அப்படியானால் பதிவேட்டில் ரோஜா வேலைக்கு வந்துகொண்டே இருக்கவேண்டாமா? போர்மேன் ரத்தினசாமி செத்தவள் கார்டை முத்துப்பேச்சி கையில் கொடுத்தான்.

"இன்னைல இருந்து உன் பேரு ரோஜா. கூப்பிட்டா ஏன்னு கேக்கணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் அந்தச் சோறு அவளுக்கு வேண்டியிருந்ததே, என்ன செய்ய?

தினமும் காலையில் ரோஜா பேருக்கு நேரே பெருவிரலை அமுக்குவாள். அப்போதெல்லாம் பிடரியில் சூடாக ஒரு மூச்சுப் படும். திரும்பினால் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்து பார்த்தாள், கயிறு கட்டிப் பார்த்தாள். ம்ஹூம். சீசன் இல்லாத மாசத்தில்கூட அந்த மூச்சுக்கு லீவு கிடையாது.

இப்போது மிஷினால் வேலை போனவர்களுக்கு அரசாங்க நிவாரணம் என்று சூலக்கரையில் முகாம். பட்டியலில் ரோஜா இருந்தாள். முத்துப்பேச்சி எங்கன இருப்பாள்? ஆதாரில் வேறு பேர் இருக்கிறதே என்று கேட்டால், 'ரெண்டு பேரும் நான்தான்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தான் ரத்தினசாமி. அந்தப் பணம் வந்தால்தான் மகள் பிரீத்திகா காலேஜுக்குப் போகமுடியும்.

பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், சங்கையா என்று பேர், மடியில் துண்டு சுற்றிய போட்டோவோடு இருந்தார். யாருக்கு வாங்க வந்திருக்கீக என்று சும்மாதான் கேட்டாள்.

"வாங்க வரல தாயி. செத்துப்போன எம் பொஞ்சாதி ரோஜா பேரு பட்டியல்ல இருக்குன்னாக. கூப்பிட்டா யாரு எந்திரிக்கான்னு பாக்க வந்தேன்."

முத்துப்பேச்சி எழுந்திருக்கவே கூடாது என்று நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆபீசர் "ரோஜா" என்றார். பாழாய்ப்போன பழக்கம், கால் தானாக எழுந்துவிட்டது. சங்கையா அண்ணாந்து பார்த்தார். பிடரியில் மூச்சுச் சுட்டது.

மேசைக்குப் போனவள், ஆபீசர் நீட்டின தாளைத் தொடவில்லை.

"ரோஜா கம்பெனித் தீயில செத்துப் பதினொரு வருசமாச்சு சார். நான் முத்துப்பேச்சி. பதிவேட்டுல இருக்கிற கைநாட்டெல்லாம் என்னுது. என் விரலோட வச்சுப் பாத்துக்கிடுங்க."

உன் பேர் பட்டியலில் இல்லையே, உனக்கு ஒன்றும் கிடைக்காதேம்மா என்றார் அவர். தெரியும் என்றாள். சொன்னதை அவர் எழுதினார். அவள் அடியில் விரலை அமுக்கினாள். இந்தத் தடவை பிடரியில் ஒன்றும் படவில்லை. மகளை நினைத்து அழுகை வந்தது. வாசலைப் பார்த்து நடந்தாள்.

நாற்காலிக்கடியில் ஒயர் கூடையை மறந்து வைத்துவிட்டுப் போகிறாளே என்று சங்கையா அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "ஏம்மா முத்துப்பேச்சி" என்று கூப்பிட்டார். அவள் போய்க்கொண்டே இருந்தாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். காதில் ஏறவில்லை.

நின்று யோசித்தவர், வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி மெதுவாக, "ரோஜா" என்றார்.

"ஏன்?" என்று திரும்பினாள்.