ஆமை சுற்றிய களிமண்

ஆய்வகத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். வைத்தவர் ஆய்வகத் தலைவர். வைத்த நாளிலிருந்து வாய் வலிக்காமல் கூப்பிட்டும் வந்தார். அவள் செய்த குற்றம் ஒன்றுதான், விதிப்படி வேலை செய்தாள்.

கடலடியிலிருந்து குழாயில் அடைபட்டு வரும் களிமண் பற்பசையைவிடக் கொஞ்சம்தான் கெட்டி. கம்பி நுனியில் நாலு தகடு வைத்த சின்னக் கருவியை அதற்குள் இறக்கி, கைப்பிடியை நிமிடத்துக்கு ஆறு டிகிரி மட்டும் திருப்ப வேண்டும். மண் அறுபடும் கணத்தில் முள் காட்டுவதுதான் அதன் பலம். அவசரமாகத் திருப்பினால் மண் வீம்பு பிடித்து, இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டும். மனிதர்களிலும் அப்படி உண்டு, தலைவரையே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மண்மேல், கடலுக்கு நடுவே, எண்ணெய் எடுக்கும் மூன்று கால் இரும்பு மேடை ஒன்று நிற்கப் போகிறது. அதில் வெல்டர், அவளுடைய தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு அவள் ஆளாக்கிய தம்பி.

அன்று இருபத்திரண்டு குழாய்கள். சாயங்காலத்துக்குள் எண்கள் வேண்டும் என்று மேடைக்காரர்கள் தலைவர் கழுத்தைப் பிடித்தார்கள், அவர் இவள் கழுத்தைப் பிடித்தார். மதியம் ஆகியும் பதினான்கு பாக்கி.

"ஏம்மா ஆமை, இது மண்ணா, உன் மாமியாரா? இப்படி பயந்து பயந்து தொடுற?"

எல்லோரும் சிரித்தார்கள். "மாமியாருக்கு அவங்க எங்க சார் போவாங்க?" என்று கணக்கு போடுகிறவன் எடுத்துக்கொடுத்தான். சிரிப்பு இரண்டாவது சுற்று வந்தது.

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. கை தெரிந்தேதான் வேகம் பிடித்தது. காலையில் இதே ஆழத்து மண்ணில் ஒன்பதில் நின்ற முள், இப்போது பன்னிரண்டுக்குப் போனது. நாலரைக்கு வேலை முடிந்தது.

"ஆமைக்கும் ரெக்கை முளைச்சிடுச்சே," என்றார் தலைவர். பத்து வருடத்தில் முதல் பாராட்டு. வெட்கங்கெட்ட மனசு அதற்கும் குளிர்ந்தது. கையெழுத்துப் போட்டாள். மீதி மண்ணில் நாளைக்கு மெதுவாகத் திருப்பிப் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் வேறு குழாய்கள் வந்தன.

மூன்றாம் வாரம், மேடையின் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக் கால்களைச் சோதித்தபோது, ஒரு கால் சரேலென்று மண்ணுக்குள் இறங்கியது. மேடை சாய்ந்து இரண்டு பேர் செத்தார்கள். தம்பியின் மேல் இரும்புச் சட்டம் விழுந்தது. மருத்துவமனையில் அவனுடைய இரண்டு கால்களையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள்தான் அவன் பேசினான்.

"தண்ணி நிரப்பி பாரம் ஏத்துறப்ப, மேடையில வேலையில்லாதவங்க படகுல இறங்கிடணும்க்கா, அதான் முறை. செத்துப்போனாங்களே, அவங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. நான்தான் விடல."

"ஏன்டா?"

"மண்ணை அளந்தது எங்க அக்கா. ஆபீஸ்லயே அவளுக்கு ஆமைன்னுதான் பேரு, அவ்வளவு நிதானம். உட்காருங்கடான்னேன். சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்தாங்க. சீட்டாடினோம்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போர்வை தொடைக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. தலைவர்மேல் வந்திருக்க வேண்டிய கோபம்கூட வரவில்லை.

"நீ மெதுவாத்தானே சுத்தின?"

"மெதுவாத்தான்டா."

அவன் கண்ணை மூடி மூச்சு விட்டான். "அப்ப என் மேல தப்பில்ல. அவங்க சம்சாரம் ரெண்டு பேரும் உடம்பை வாங்க வந்து வெளியில உட்கார்ந்திருக்காங்களாம். நான்தான் கொன்னுட்டேன்னு சொல்றாங்களாம். நீ போய் சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவாங்க."

தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். தான் யார் என்று சொன்னாள். மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இளையவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"மண்ணை அளந்தவங்களா? உட்காருங்க. என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கு யாரும் ஒழுங்கா சொல்லல. நீங்களாவது நிதானமா சொல்லுங்க."

அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லாக, மிக மெதுவாக, பொய் சொன்னாள்.